9,850 ரூபாய் கொடுத்து வாங்கிய மடக்குத் தொட்டில்: கைக்குழந்தை இருப்பவர்கள் படிக்கவும்

இன்று காலையில் எனக்கு மடக்குத் தொட்டில் விற்ற ஆன்லைன் கடைக்காரர்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வளைகாப்பு முடிந்து பொருள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். தொட்டிலை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருந்தேன். அங்கே உத்தரத்தில் கொக்கி உண்டு. அம்மாவின் பழைய நூல் புடவையில் தூளி கட்டினால் பாப்பா நிம்மதியாகத் தூங்குவாள். கோயம்புத்தூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் கொக்கி இல்லை, மேலே துளை போடவும் ஓனர் விடவில்லை. அதனால் மூன்றாம் மாதம் கிளம்புவதற்குள் மடக்குத் தொட்டில் ஒன்று வாங்கிவிட நினைத்தேன். நாலு பக்கமும் வலைத்துணி, மேலே நடுவில் மடங்கும் கம்பி, அடியில் பலகை உள்ள வகை. ஊருக்குப் போகும்போது ரயிலில் எடுத்துப் போகலாம் என்ற ஆசை வேறு.

குழந்தைப் பொருள்கள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. லாக் சரியாக விழுமா, வலை கிழியுமா என்று மெசேஜில் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடையிலிருந்து பதில் சொன்ன பெண் தானாகவே போன் செய்தார். "அக்கா, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. என் சின்னவன் இதுலதான் ஒன்றரை வயசு வரைக்கும் தூங்கினான். என்னை நம்பி வாங்குங்க" என்றார். பின்னால் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது. பாப்பாவுக்கு என்ன எடை, பால் போதுகிறதா, நான் ராத்திரி தூங்குகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். பூண்டு நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பிரசவம் ஆன பிறகு என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசியவர்கள் ரொம்பக் குறைவு. அங்கேதான் நான் ஏமாந்தேன். பொருள் வந்த பிறகு பணம் தரும் வசதி இல்லை, முழுத் தொகையும் முன்னாலேயே அனுப்ப வேண்டும் என்றார். "பாதி மட்டும் அனுப்பு" என்று கணவர் சொன்னார். "அவங்களும் ஒரு அம்மாதானே" என்று சொல்லி 9,850 ரூபாயையும் யுபிஐ-யில் அனுப்பியவள் நான்.

பதினொரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. தயாரித்தவர் பெயர், இறக்குமதி செய்தவர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், எதுவுமே அட்டையில் இல்லை. அன்று ராத்திரியே கணவர் விரித்தார். மூன்று பக்கம் "டக்" என்று லாக் விழுந்தது. நாலாவது பக்கம் சத்தமே வரவில்லை, ஆனால் பார்வைக்கு நேராக நின்றது. இலவசம் என்று சொல்லி அனுப்பிய மெத்தை தலையணை மாதிரி அமுங்கியது. அதற்கும் வலைக்கும் நடுவில் என் நாலு விரலும் போனது. கணவர் அந்த நாலாவது கம்பியில் கையை ஊன்றினார். நடுவில் ஒடிந்த மாதிரி அப்படியே உள்பக்கம் மடங்கி விழுந்தது. பாப்பா அப்போது என் மடியில் இருந்தாள். அவள் உள்ளே படுத்திருந்தால்? இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான் மிகைப்படுத்தவில்லை. 1998-இல் சிகாகோவில் 16 மாதக் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது. மடக்குத் தொட்டிலின் மேல் கம்பி மடங்கி, கழுத்து அந்த இடுக்கில் சிக்கிக்கொண்டது. அந்த மாடலைத் திரும்பப் பெறுவதாக 1993-இலேயே அறிவித்திருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்கு அது தெரியாது. அதன் பெற்றோர்தான் பிறகு 'கிட்ஸ் இன் டேஞ்சர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2008-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தில் குழந்தைப் பொருள்களைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லும் பகுதிக்கு அந்தக் குழந்தையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இது எல்லாம் பணம் அனுப்பிய பிறகுதான் நான் படித்தேன்.

கம்பி மடங்கியதை வீடியோ எடுத்து உடனே அனுப்பினேன். முதல் நாள், "டீம்கிட்ட சொல்லியிருக்கோம் அக்கா." மூன்றாம் நாள், "பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா மேடம்?" இல்லை என்றேன். "அப்போ நீங்க மாட்டும்போது உடைச்சிருக்கலாம் மேடம்." பணம் அனுப்பும் வரை அக்கா, அப்புறம் மேடம். ஐந்தாம் நாள் வேறு யாரோ ஆங்கிலத்தில் 'டியர் கஸ்டமர்' என்று தொடங்கி, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அனுப்பினார்கள். நான் போன் செய்தால் அந்தப் பெண் எடுக்கவே இல்லை. "பணம் போனால் போகட்டும், இதையே இன்னொரு குழந்தைக்கு விற்காதீர்கள்" என்று நேற்று ராத்திரி எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. காலையில் பிளாக்.

9,850 ரூபாய். மகப்பேறு விடுப்பு முடிந்து, சம்பளமில்லாத விடுப்பில் இருக்கும்போது இது எனக்குப் பெரிய பணம்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். 2020-ஆம் வருட மின்வணிக விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று ஆன்லைன் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், பாப்பா எழுந்துவிட்டாள். அவசரமாக இவ்வளவுதான்: முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். தொட்டிலோடு வரும் கெட்டியான மெத்தை போதும், மேலே இன்னொன்று போடாதீர்கள். ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் வேண்டவே வேண்டாம். குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன்னால் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்திப் பாருங்கள். ஒன்று மடங்கினாலும் குழந்தையை அதில் விடாதீர்கள், சும்மா கிடக்கிறதே என்று வேறு யாருக்கும் கொடுத்தும் விடாதீர்கள்.