பழைய விமானத்தில் தேய்ந்த மூட்டு: பெரிய போல்ட்டா, புஷ்ஷா, புதுப் பாகமா?

விமானி பிடிக்கும் ஸ்டிக்கைக் கொஞ்சம் அசைத்தும் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அசையவில்லை என்றால் பலர் முதலில் இரண்டையும் இணைக்கும் கேபிளைத்தான் சந்தேகப்படுவார்கள். உடனே கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிளைத் திருகி இறுக்குவார்கள். ஆனால் பைப்பர் ஜே-3 கப் காலத்து விமானங்களில் ஆட்டம் பெரும்பாலும் இருப்பது மூட்டுகளில்: பெல்கிராங்க் (இழுப்பின் திசையை மாற்றும் நெம்புகோல்), ஹாரன் (பலகையில் கேபிள் மாட்டும் கை), கீல் ஆகியவற்றின் போல்ட் துளைகளில். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிட்டால் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. புல்லிகளும் பேரிங்குகளும் வீணாகத் தேய்வதுதான் மிச்சம்.

துளையைச் சரிசெய்ய எளிய வழி, பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடுவது. எளிமையாலேயே இது ஆபத்தானது. துளையின் மையத்திலிருந்து உலோகத்தின் ஓரம் வரை போல்ட் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. 3/16 அங்குல போல்ட்டுக்கு 3/8 அங்குலம் போதும். 1/4 அங்குலத்துக்குப் போனால் அரை அங்குலம் வேண்டும். எண்பது வருடத்துக்கு முந்தைய சின்ன பிராக்கெட்டில் அதற்கு எங்கே இடம்?

புஷ், அதாவது துளைக்குள் பொருத்தும் சின்ன உலோகக் குழல், போட்டாலும் துளை பெரிதாகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு தடவையோடு முடிந்தது. அடுத்த முறை தேய்வது புஷ், பிராக்கெட் தப்பிக்கும். ஓர இடம் கணக்குக்கு ஒத்து வந்தால், ரீமரால் துளையைத் துல்லியமாகச் சீவி மெல்லிய புஷ் அடிப்பதுதான் என் தேர்வு. வெல்டிங்கால் துளையை நிரப்பி மறுபடி துளைப்பது எஃகில் முடியும். ஆனால் சூட்டில் பாகம் கோணிக்கொள்ளும், பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக் இல்லாமல் நேர் கிடைக்காது. விரிசல் தெரிந்தால் இந்த வாதமே வேண்டாம், புதுப் பாகம்தான். தயாரித்த நிறுவனமே இல்லாவிட்டாலும், அமெரிக்க விதிகளில் உரிமையாளர் தன் விமானத்துக்கென்று பாகம் செய்துகொள்ள வழி உண்டு. எந்த வழியில் போனாலும் அங்கீகரிக்கப்பட்ட தரவும் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்தும் வேண்டும்.

கேபிளையே மாற்ற வேண்டி வந்தால் ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் மயக்கும். 1/8 அங்குல 7×19 கேபிளில் (19 இழை கொண்ட 7 புரிகள்) துத்தநாகம் பூசிய கார்பன் எஃகு 2,000 பவுண்டு தாங்கும், ஸ்டெயின்லெஸ் 1,760. புல்லிமேல் வளைந்து வளைந்து ஓடும் இடத்தில் ஸ்டெயின்லெஸ்தான் சீக்கிரம் தேயும். கடலோரம், மிதவை விமானம் என்றால் துரு பெரிய எதிரி. அங்கே ஸ்டெயின்லெஸ் சரி. உலர்ந்த ஹேங்கரில் நிற்கும் விமானத்துக்குத் துத்தநாகம் பூசியதே போதும். எதைப் போட்டாலும் துணியால் கேபிளைத் துடைத்துப் பாருங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவுகிறவர்கள் அதற்கான விலையை ரத்தத்தில் கொடுப்பார்கள்.

முனை கட்டுவதில் கையால் பின்னும் பழைய முறையை அழகுக்காக மட்டும் ரசிக்கலாம். அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ-வின் 43.13 பழுதுபார்ப்புக் கையேட்டின்படி ஐந்து முறை செருகிய பின்னல் கேபிளின் பலத்தில் 75 சதவீதம்தான் தரும். திம்பிளைச் (வளையத்துக்குள் வைக்கும் உலோகக் காப்பு) சுற்றிக் கேபிளை மடக்கி, நிக்கோபிரஸ் ஸ்லீவை (கேபிளைக் கவ்வும் உலோகக் குழல்) சரியாக அழுத்தினால் முழு பலமும் கிடைக்கும். கைக்கருவி போதும், விமானத்துக்குள் இருந்தபடியே செய்யலாம். அழுத்திய பின் அளவுமானியில் பார்க்காமல் விடக்கூடாது. கேபிள்மேல் நேரடியாக நசுக்கிப் பொருத்தும் ஸ்வேஜ் முனை மெலிந்தது, நேர்த்தியானது. ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், செய்து முடித்ததும் கேபிளின் முறிவு பலத்தில் 60 சதவீதம் இழுத்துச் சோதிக்கவும் வேண்டும். சொந்தக் கொட்டகையில் வேலை செய்பவருக்கு நிக்கோபிரஸ்தான்.

தேய்மானம் போலவே தோன்றும் இன்னொன்று, டெயில்வீல் ஷிம்மி, அதாவது வால் சக்கரத்தின் உதறல்: அதற்கு வீலைப் பிரிக்கும் முன் அதைத் தாங்கும் இலை ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது தட்டையாகிவிட்டால் பளு ஏறும்போது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் தலை முன்னோக்கிச் சாயும், சக்கரம் உதறத் தொடங்கும். பழையதை அடித்து வளைக்கலாம். முறையான வெப்பப் பதம் இல்லாவிட்டால் மறுபடி தட்டையாகும். இங்கேயும் நான் பழுது பார்ப்பதன் பக்கம் இல்லை, புது ஸ்பிரிங்கே போடச் சொல்வேன்.