சாத்தனூர் டேம்: கடலூர்க்காரங்க அவசியம் போய்ப் பாக்கணும், 5க்கு 4

கடலூர்ல பெண்ணையாத்தங்கரை ஆளுங்களுக்கு சாத்தனூர்னாலே வெள்ளம்தான் ஞாபகம் வரும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி தெறந்துவிட்டப்ப இங்க என்ன ஆச்சுன்னு யாருக்கும் எடுத்து சொல்ல வேண்டியதில்ல. அந்த டேம நேர்லயே பாத்துடலாம்னு குடும்பத்தோட போனோம். பண்ருட்டி, திருக்கோவிலூர், மணலூர்பேட்டை வழியா போங்க, நம்ம ஆத்த எதுத்து மேல ஏறிப் போற மாதிரி இருக்கும்.

பார்க், முதலைப் பண்ணை எல்லாம் பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிது. எனக்கு டேம்தான். 1958ல காமராஜர் ஆட்சியில தெறந்தது, 119 அடி, 7.3 டிஎம்சி புடிக்கும் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி). அந்தப் பக்கம் தண்டராம்பட்டு, செங்கம் எல்லாம் காஞ்ச பூமி, மானாவாரி மல்லாட்டைதான் (நெலக்கடலை) அதிகம், கெணறு வத்துனா அவ்ளோதான், கால்வாய்த் தண்ணி வர்ற ஊர்ல மட்டும் நெல்லு கரும்புன்னு பச்சையா இருக்கு, பாக்கவே மனசு நெறஞ்சிது. பாசனத்துக்கு விடுற தண்ணியையே டர்பைன்ல விட்டு 7.5 மெகாவாட் கரண்ட் எடுக்கறாங்க. நெய்வேலியில புது அனல் மின் நிலையமே 1000 மெகாவாட், அதுக்கு முன்னாடி இது கொஞ்சம்தான், ஆனா நிலக்கரி தோண்ட வேணாம், சாம்பல் இல்ல, கரண்ட் எடுத்த தண்ணி ஒரு சொட்டு கொறையாம வயலுக்குப் போயிடுது. டேம்ல மட்டம் எறங்குனா அழுத்தம் கொறஞ்சு கரண்டும் கொறையும், தண்ணி விடலன்னா மெஷின் நிக்க வேண்டியதுதான்.

மேல நின்னு பாத்தப்பதான் அந்த வெள்ளக் கணக்கும் புரிஞ்சிது. 1.68 லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடுனா 14 டிஎம்சிய தாண்டிடும், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு சாத்தனூர். டேம் நெறஞ்சி நிக்கறப்ப கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கொட்டுனா அந்தத் தண்ணிய எங்க வைக்கறது, நம்ம பக்கந்தான் வந்தாகணும். அதனால கார்த்திகை மாசம் ஆத்தோரம் இருக்கறவங்க டேம் மட்டம் எவ்ளோன்னு தெனமும் பாத்துக்கங்க, ப்ளீஸ்.

ஒரு ஸ்டார் கொறச்சது சாப்பாட்டுக்கு. மீன் ஃப்ரெஷ்தான், ஆனா நாங்க சாப்புட்ட கடையில எண்ணெய் பழசு, வீட்டுல இருந்து புளிசோறு கட்டிட்டுப் போறது நல்லது. போறதுன்னா தை, மாசியில போங்க, பாசனத்துக்குத் தண்ணி விட்டுருந்தா இன்னும் நல்லாருக்கும், அக்னி வெயில்ல பசங்கள கூட்டிட்டுப் போகாதீங்க.