இம்யூனோதெரபி டே கேர் வார்டு: அப்பாவோடு எட்டு மாதம்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து (நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை எதிர்க்க வைப்பது) 200 மி.கி., மருந்து ஏறுவது 30 நிமிடம்தான், ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு, பில்லிங், மருந்து தயாராகி வருவது என்று காலை 8 மணிக்குப் போனால் சில நாள் சாயங்காலம் ஆகிவிடுகிறது, இதை ஆஸ்பத்திரிக்காரர்கள் சரிசெய்தே ஆக வேண்டும்.

நர்ஸ்கள் தங்கமானவர்கள். வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தோலில் தடிப்பு, எது வந்தாலும் ராத்திரியானாலும் கூப்பிடுங்க என்று முதல் நாளே நம்பர் கொடுத்தார்கள். ஐந்தாவது டோஸுக்கு அப்புறம் அப்பா எந்நேரமும் சோர்ந்து படுத்தே கிடந்தார், வயசாகிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். சிஸ்டர் ஒருவர்தான் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வைத்தார். தைராய்டு குறைந்திருந்தது. நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து என்பதால் அந்தச் சக்தி சில சமயம் தைராய்டையும் தாக்குமாம். மாத்திரை தொடங்கினார்கள். இப்போது காலையில் தானே நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார்.

துணைக்கு வருகிறவர்களுக்கும் நல்ல நாற்காலி போடுங்கள், தயவுசெய்து.