மனிதர்களுக்கான நெபுலைசரை முயலுக்கு வாங்கினேன்: எட்டு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முயலுக்கென்று விற்கிற சாமான் இல்லை. குழந்தைகளுக்கு வீசிங் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் வாங்குவார்களே, ஒரு கம்ப்ரஸர், ஒரு டியூப், மருந்து ஊற்றுகிற சின்னக் கிண்ணம், பெரிதும் சிறிதுமாக இரண்டு மாஸ்க், அதேதான். 1,450 ரூபாய். கடைக்காரர் "பெரியவங்களுக்கா, குழந்தைக்கா சார்? வெயிட் எவ்வளவு?" என்று கேட்டார். ஒன்றரைக் கிலோ என்றேன். குறைமாதக் குழந்தை என்று நினைத்துவிட்டார் போல, முகம் அப்படியே மாறிவிட்டது. முயல் என்று சொன்னதும் இன்னொரு மாதிரி மாறியது.

எங்கள் பொரிக்கு நாலு வயது, வெள்ளை, சிவப்புக் கண். ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில் தும்ம ஆரம்பித்தாள். மூக்கில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. உண்மையில் பார்க்க வேண்டிய இடம் மூக்கு இல்லை, முன்னங்கால்களின் உட்பக்கம். முயல் மூக்கைக் கையால்தான் துடைத்துக்கொள்ளும். ஒரு நாள் தூக்கியபோது பார்த்தேன், அந்த இடத்து முடி கஞ்சி போட்டுக் காய்ந்த துணி மாதிரி விறைத்து, மஞ்சளாக ஒட்டிக்கிடந்தது. எத்தனை நாளாகச் சளியைத் துடைத்துக்கொண்டிருந்தாளோ.

வீட்டுக்குப் பக்கத்தில் நாய், பூனை பார்க்கிற ஒரு கிளினிக் இருக்கிறது, பெயர் வேண்டாம். அங்கே சாதாரணச் சளி என்று சொல்லி அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளை, முயல் வளர்க்கிற நண்பர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு வாயில் ஊற்றவே கூடாது என்று தடுத்தார். முயலின் வயிறு குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை நம்பித்தான் ஓடுகிறது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் மாதிரியானவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்தக் கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, சளியால் சாகாத முயல் பேதியால் செத்துப்போகும். முயலுக்குப் பழகிய டாக்டர்கள் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி வேறு மருந்துதான் கொடுப்பார்கள்.

அப்புறம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் நுரையீரல் பாதி மங்கலாக இருந்தது. நிமோனியா, பாஸ்டுரெல்லா கிருமியாக இருக்கலாம் என்றார்கள். இந்தக் கிருமி நிறைய முயல்களின் மூக்கில் சும்மாவே குடியிருக்கும், உடம்பு தளரும்போது கீழே இறங்கும். ஆன்டிபயாடிக் எழுதினார்கள், கூடவே தினம் இரண்டு வேளை நெபுலைசர் வைக்கச் சொன்னார்கள். அப்படித்தான் இந்த மெஷின் வீட்டுக்குள் வந்தது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். அம்மா இதை "ஆவி பிடிக்கிறது" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் இது ஆவி இல்லை, இதில் சூடே கிடையாது. காற்றை வேகமாகத் தள்ளி, மருந்தைக் கண்ணுக்குப் புகை மாதிரி தெரிகிற துளிகளாக உடைக்கிறது. 5 மைக்ரானுக்கும் குறைவான துளிதான் நுரையீரலின் அடிவரை போகும். வெந்நீர் ஆவியை முயலுக்குக் காட்டினால் அது வேறு வினை. 30 டிகிரி வெயிலுக்கே தடுமாறுகிற பிராணி, வேர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. தைலம், யூகலிப்டஸ் எதுவும் கிண்ணத்தில் போடக்கூடாது. எங்களுக்குச் சொன்னது 3 மில்லி நார்மல் சலைன் (கிருமியில்லாத உப்புக் கரைசல்), சில நாட்கள் அதோடு டாக்டர் அளந்து சொன்ன மருந்து, அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயில் பிடித்து ஊற்றுவதும் கூடாது.

புகை நன்றாக வருகிறது, 3 மில்லி தீர 12 நிமிடம் ஆகிறது, அந்த விஷயத்தில் குறையே இல்லை. குறை சத்தத்தில். நமக்கு மிக்ஸி அளவுகூட இல்லை, ஆனால் முயலுக்கு அது இடி. முதல் நாள் மாஸ்க்கை மூக்கில் வைத்து சுவிட்சைப் போட்டதும் பின்னங்காலால் உதைத்து என் கையைக் கிழித்துவிட்டு சோஃபாவுக்கு அடியில் போய்விட்டாள். அங்கே கழுத்தை நீட்டி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மூச்சுவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை. முயல் மூக்கால் மட்டும்தான் மூச்சுவிடும். கழுத்தை நீட்டினாலோ வாயைத் திறந்தாலோ அது கடைசிக் கட்டம், ராத்திரி ஆனாலும் டாக்டரிடம் ஓட வேண்டும். இவள் பத்து நிமிடத்தில் அடங்கினாள். நான் அடங்க விடிந்துவிட்டது.

மாஸ்க் இரண்டையும் அன்றோடு பரண் மேல் போட்டேன். மாடியில் அரிசி கொட்டிவைக்கும் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற வெள்ளை டப்பா. ஸ்க்ரூடிரைவரைச் சுடவைத்து ஒரு பக்கம் டியூப் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் மேலே ஐந்தாறு ஓட்டை போட்டேன். பிளாஸ்டிக் கருகிய வாடை போக ஒரு நாள் முழுக்க வெயிலில் வைக்க வேண்டியிருந்தது. அடியில் பழைய துண்டு, ஒரு கொத்து கொத்தமல்லி. மெஷினை ஹாலில் மடித்த போர்வை மேல் வைத்து, டியூபை மட்டும் கதவிடுக்கு வழியாக அறைக்குள் விட்டேன், டியூப் இரண்டு மீட்டர் நீளம் என்பதால் தாராளமாக எட்டியது. முதல் மூன்று நாட்கள் மருந்தே இல்லாமல் டப்பாவுக்குள் கொத்தமல்லி மட்டும். நான்காம் நாள் புகை விட்டபோது தலையைத் தூக்கிப் பார்த்தாள், மீசை நுனியில் எல்லாம் பனி மாதிரி துளி நின்றது, அப்புறம் தின்ன ஆரம்பித்துவிட்டாள். எத்தனை வாரமானாலும் கண்ணை எடுத்துவிட்டுப் போனில் மூழ்காதீர்கள், டப்பாவுக்குள் மூச்சு வேகமானால் மூடியை உடனே எடுக்க வேண்டும்.

மூச்சை எண்ணுவது பற்றி ஒரு வார்த்தை. மூக்கு ஆடுவதை எண்ணாதீர்கள், அது சும்மாவே ஆடிக்கொண்டிருக்கும். விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் முயலுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை சரி. பொரிக்கு முதல் வாரம் 96, மூன்றாவது வாரம் 72, ஆறாவது வாரம் 52. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். இதில் மெஷினின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மெஷின் வைத்த அரை மணியில் நாலைந்து தும்மல் போட்டுச் சளியை வெளியே தள்ளிவிட்டு நேராகப் புல்லுக்குப் போவாள். அதைத் தினமும் கண்ணால் பார்த்தேன்.

புல்லுக்குப் போவதுதான் முக்கியம். மூக்கடைத்த முயல் தின்னாது, தின்னாத முயலின் குடல் அரை நாளிலேயே நின்றுவிடும். நடுவில் இரண்டு நாள் அப்படி ஆகி, கிரிட்டிகல் கேர் என்கிற, தின்னாத முயலுக்கான தீவனத் தூளைக் கரைத்து சிரிஞ்சில் கொடுத்தோம். வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில், துளித்துளியாக. மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் அதுவே நுரையீரலுக்குள் போய்விடும். அந்தத் தூள் நல்ல விலை, இரண்டாவது பாக்கெட் வர தாமதமானபோது அவளுடைய தீவனத்தையே ஊறவைத்து அரைத்துக் கொடுத்துச் சமாளித்தோம்.

வீட்டில் பெரிய சண்டை சாம்பிராணிக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, சாயங்காலம் கொசுவர்த்தி, மூன்றும் அந்த நுரையீரலுக்கு விஷம். "டேய், உன் முயலுக்காக சாமிக்கே புகை காட்டக்கூடாதா?" என்றார் அம்மா. கடைசியில் சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுவது என்று முடிவானது. மூத்திர வாடையும் அதே கணக்குதான், அந்த அமோனியா மூக்கின் உள்தோலை அரிக்கும். அவளுக்குக் கீழே விரிக்கிற காகிதத்தைத் தினம் இரண்டு முறை மாற்றுகிறேன், மரத்தூளை அடியோடு நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் செய்யாமல் மெஷினை மட்டும் வாங்கினால் 1,450 ரூபாய் தண்டம்.

பராமரிப்பில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, ஆறிய வெந்நீரில் அலசி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் அதிலேயே கிருமி வளரும், அதை நாமே நுரையீரலுக்கு ஊதிவிடுவோம். ஃபில்டர் என்பது ஒரு குட்டிப் பஞ்சுத் துண்டு, வெள்ளை சாம்பலானதும் மாற்ற வேண்டும், நான் மூன்று முறை மாற்றினேன். முயல் முடி பறக்கிற வீட்டில் அது சீக்கிரம் அடைகிறது. 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் மெஷின் சூடாகிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போன ஒரு நட்சத்திரம் சத்தத்துக்கு. காசு இருந்தால் சத்தம் போடாத மெஷ் நெபுலைசர் வாங்குங்கள், கையடக்கமாக இருக்கும், விலைதான் இரண்டு மூன்று மடங்கு, சில மருந்துகள் அதன் வலையை அடைத்துவிடும் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மெஷினானாலும் எக்ஸ்ரே எடுத்து, என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகு வாங்குங்கள்.

பொரிக்கு முழுசாகக் குணமாகவில்லை, இந்த நோய் அப்படி விட்டுப்போகிற ரகமும் இல்லை. சித்திரை வெயிலில் மறுபடி தும்மல் வந்தது, பத்து நாள் மெஷின் வைத்து, பக்கத்தில் ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் போட்டதில் அடங்கியது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வெறும் சலைன். அம்மா அரிசி டப்பாவைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதில் இருக்கிற ஓட்டைகளைப் பற்றி இன்னும் நான் சொல்லவில்லை.