படுக்கையறைக்கு ஒரு மீயொலி ஹியூமிடிஃபையர்

படுக்கையறைக்கென வாங்கிய இந்த மீயொலி வகை ஹியூமிடிஃபையர், ஈரப்பதத்தைக் கூட்டும் வேலையை நன்றாகவே செய்கிறது. அதில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம், எவ்வளவு ஒழுங்காகக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ தொல்லையாகவோ அமைகிறது. ஏசியோ ஹீட்டரோ இரவு முழுவதும் ஓடும் அறையில் மூக்கின் உட்புறம் காய்ந்து எரிவதும் உதடு வெடிப்பதும் இதை வைத்த பிறகு வெகுவாகக் குறைந்தன. சத்தமும் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

உள்ளே இருக்கும் சிறிய தகடு, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்ந்து நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. நீரைக் கொதிக்க வைக்காததால் மின்செலவு குறைவு; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சூடுபட்டுவிடுமோ என்ற அச்சமும் இல்லை. ஆனால் துளிகளோடு சேர்ந்து, நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் காற்றில் கலக்கின்றன. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மேசை மீதும் கண்ணாடி மீதும் வெண்பொடி படிவது இதனால்தான். அந்தப் பொடியையே நாமும் சுவாசிக்கிறோம். கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் கிருமிகள் அழியுமே தவிர உப்புகள் முழுமையாக நீங்குவதில்லை என்பதால், நீராவியைக் குளிர்வித்துப் பெறும் காய்ச்சி வடித்த நீரே (டிஸ்டில்டு வாட்டர்) இதற்கு ஏற்றது. இவ்வளவு முக்கியமான செய்தியைக் கையேட்டில் ஒரே வரியில் முடித்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

தொட்டியின் வாய் கை நுழையும் அளவுக்கு அகலமாக இருப்பதைப் பெரிதும் பாராட்டுகிறேன். தேங்கிய நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் விரைவில் வளர்ந்து, துளிகளோடு நுரையீரலுக்குள் செல்லக்கூடும். தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. படிந்த உப்பு வினிகரில் கரைந்துவிடும்; பின்னர் நன்றாக அலசினால் போதும்.

கருவியிலேயே உள்ள ஈரப்பதமானி, புகை போல் எழும் துளிகளுக்கு அருகில் இருப்பதால் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டுகிறது. எனவே தனியாக ஒன்றை வாங்கி அறையின் மறுபக்கத்தில் வைப்பது அவசியம். அளவு 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் உயர்ந்துகொண்டே போனால் தூசிப்பூச்சியும் சுவர்ப் பூஞ்சணமும் பெருகும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வறட்சியைவிட அது பெரிய துன்பம்.

காய்ச்சி வடித்த நீரைத் தொடர்ந்து வாங்க இயலாதவர்களுக்கு இக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத் திரியின் வழியே மின்விசிறிக் காற்றைச் செலுத்தும் ஆவியாக்கும் வகையில் உப்புகள் பெரும்பாலும் திரியிலேயே தங்கிவிடுவதால், விசிறியின் இரைச்சலையும் அவ்வப்போது திரி மாற்றும் செலவையும் ஏற்றுக்கொண்டு அவர்கள் அதையே வாங்கலாம்.