தினம் சார்ஜ் கேட்கும் வாட்சா, வாரக்கணக்கில் ஓடும் வாட்சா: அறிவிப்பு தவறாமல் கைக்கு வர எது நல்லது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வார்விக் சந்திப்புப் பக்கம் டாக்சி மாறி ஏறுகிறவர்கள் யாரும் போனை வெளியே எடுக்க மாட்டார்கள். பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் போனில் வருவதைப் பார்க்காமலும் இருக்க முடியாது. கார்டில் பணம் போனால் வங்கியிலிருந்து வரும் தகவல், டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கும் அம்மாவின் வாட்ஸ்அப், கரண்ட் போகப்போகிறது என்ற எச்சரிக்கை, காவடி சமயத்தில் கோயில் குழுவில் வரும் வேலைப் பட்டியல் எல்லாம் பைக்குள் கிடக்கும் போனுக்குத்தான் வருகின்றன. அதற்காகத்தான் நான் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். நடைக் கணக்கும் தூக்கக் கணக்கும் எனக்கு இரண்டாம் பட்சம். அதனால் இந்த ஒப்பீடு ஒரே விஷயத்தைப் பற்றியது: போனுக்கு வந்த அறிவிப்பு மணிக்கட்டுக்கும் வந்து சேருமா?

போட்டி இரண்டு வகைக்கு நடுவில். ஒன்று கூகுளின் வாட்ச் மென்பொருளான வேர் ஓஎஸில் ஓடும் வாட்ச், அதாவது சாம்சங் கேலக்ஸி வாட்ச் (2021-ல் வந்த வாட்ச் 4 முதல்), கூகுள் பிக்சல் வாட்ச் போன்றவை. இன்னொன்று அமேஸ்ஃபிட், ஷாவ்மி பேண்ட், கார்மின் மாதிரி, தனக்கென்று ஒரு துணை ஆப்பை போனில் வைத்துக்கொண்டு ப்ளூடூத்தில் பேசும் வாட்ச். நான் எடுத்தது இரண்டாவது வகையில் மலிவான ஒன்று, இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும், என்னிடம் ஆண்ட்ராய்டு, அதனால் அது கணக்கிலேயே வரவில்லை.

திரை அழகு, ஆப்களின் எண்ணிக்கை, வாட்சிலேயே பேசுவது இதிலெல்லாம் வேர் ஓஎஸ்தான் மேல். விலையில் மற்றது மேல், பல மாடல்கள் பாதி விலைக்கும் கீழேயே கிடைக்கின்றன. இதெல்லாம் கடையில் நின்று பார்த்தாலே தெரியும், விட்டுவிடுவோம்.

உள்ளே நடப்பதுதான் முக்கியம். வங்கி அனுப்பும் தகவல் முதலில் கூகுளின் சர்வருக்குப் போகும், அங்கிருந்து போனுக்கு, போனில் வங்கி ஆப் அதை அறிவிப்பாகக் காட்டும். சாதாரண ப்ளூடூத் வாட்சாக இருந்தால் அதற்குப் பிறகும் ஒரு ஆள் வேண்டும். துணை ஆப் பின்னணியில் விழித்திருந்து, 'அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி'யை வைத்துக்கொண்டு, வந்த அறிவிப்பைப் படித்து வாட்சுக்குத் தள்ள வேண்டும். அந்த ஆள் தூங்கிவிட்டால் போனில் அறிவிப்பு இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. வேர் ஓஎஸில் இந்த வேலை போனின் கூகுள் சேவைகளோடு சேர்ந்தே நடப்பதால், போன் அதைச் சுலபத்தில் தூங்க வைப்பதில்லை. கேலக்ஸி வாட்சைச் சாம்சங் போனோடு சேர்த்தால் இன்னும் நிம்மதி.

சரி, சங்கிலி பலமாக இருப்பது வேர் ஓஎஸில்தானே, பிறகு ஏன் மற்றதை எடுத்தேன்?

காரணம் பராமரிப்பு. இரண்டுமே பராமரிப்பு கேட்கும், கேட்கும் விதம்தான் வேறு. வேர் ஓஎஸ் வாட்ச் ஏறக்குறைய தினமும் சார்ஜ் கேட்கும். பிக்சல் வாட்ச் 3 வரை நிறுவனமே சொன்னது 24 மணி நேரம், கேலக்ஸி கொஞ்சம் கூடப் போகும். 2023-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போன நாட்கள் (நிலை ஏற ஏற வெட்டும் கூடும்) மறக்காது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் போல நின்றிருந்தது, 2025 தொடக்கத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, துணை மின்நிலையக் கோளாறு என்று எங்கள் பக்கம் கரண்ட் போவது உண்டு. கரண்ட் இல்லாத ராத்திரியில் பவர் பேங்கில் முதலில் ஏறுவது போன்தான், வாட்ச் கடைசி. மறுநாள் காலை அணைந்துபோன வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் எந்த செட்டிங்கை மாற்றியும் அதை எழுப்ப முடியாது. போதாததற்கு மின்வெட்டு நீண்டால் செல் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துவிடும், சிக்னலைத் தேடித்தேடியே போன் காலியாகும், அதனால் எல்லோரும் பேட்டரி சேவரைப் போடுவார்கள். வாட்சிலும் பேட்டரி சேவர் போட்டுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வசதிகளில் பாதி தூங்கும்.

துணை ஆப் வகை வாட்ச் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். அதற்கு வேண்டிய பராமரிப்பு போன் செட்டிங்ஸில் இருக்கிறது, உட்கார்ந்து ஒருமுறை செய்தால் பெரிய அப்டேட் வரும்வரை தொந்தரவில்லை.

அறிவிப்பு வரவில்லை என்றால் முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். போனில் வந்திருக்கிறது, வாட்சில் இல்லை என்றால் குற்றவாளி துணை ஆப். போனிலேயே ஆப்பைத் திறந்தபிறகுதான் கொட்டுகிறது என்றால் தூங்குவது அறிவிப்பைத் தரும் மூல ஆப் (வங்கி ஆப், வாட்ஸ்அப் போல), வாட்சைத் திட்டிப் பயனில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் வாட்சைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

துணை ஆப் தூங்கினால் அதன் பேட்டரி செட்டிங்கை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். சாம்சங்கில் 'தூங்கும் ஆப்கள்' பட்டியலில் அது இருக்கிறதா பார்த்து, 'ஒருபோதும் தூங்காத ஆப்கள்' பட்டியலுக்கு மாற்றுங்கள். ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட்டையும் (ஆப் தானாகத் தொடங்குவதையும்) தனியாக அனுமதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி இல்லாவிட்டால் ப்ளூடூத் பேச்சே நடக்காது. இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அது போட்டபடியே தெரியும், வேலை மட்டும் செய்யாது, அணைத்துப் போட்டால் உயிர் வரும். எனக்குப் பலமுறை கைகொடுத்தது இதுதான்.

மூல ஆப் தூங்குவது வேறு கதை. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்தே, அசையாமல் கிடக்கும் போன் ஆப்களின் பின்னணி வேலையைத் தள்ளிப்போடுகிறது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 இன்னும் ஒரு படி போய், எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து ஆப்களைத் தரம் பிரிக்கிறது. இங்கேதான் மின்வெட்டு ஆப் மாட்டிக்கொள்கிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, எச்சரிக்கை வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம், போனும் இது தேவையில்லாத ஆப் போல என்று ஒதுக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் தொடாவிட்டால் அனுமதிகளையும் பறித்து உறங்க வைத்துவிடும், ஆண்ட்ராய்டு 12 முதல் அப்படி உறங்கும் ஆப்புக்குத் தகவல் வந்தே சேராது. மின்வெட்டு நின்றிருந்த மாதங்களுக்குப் பிறகு முதல் எச்சரிக்கை பலருக்கு வராமல் போயிருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். ஆப் தகவல் பக்கத்தில் 'பயன்படுத்தாவிட்டால் ஆப்பை நிறுத்து' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், எச்சரிக்கை தரும் எந்த ஆப்புக்கும் அதை அணைத்துவிடுங்கள். ஃபோர்ஸ் ஸ்டாப் மட்டும் செய்யாதீர்கள், அப்படி நிறுத்திய ஆப்புக்கு நீங்களே திறக்கும்வரை எதுவும் வராது. நான் முன்பு வைத்திருந்த போனில், அண்மை ஆப்களை மேலே தள்ளினாலே ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தது போலத்தான் ஆகும். அம்மாவின் செய்தி சாயந்திரம் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபிறகு மொத்தமாகக் கொட்டும், அவர் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று காலையிலேயே எழுதியிருப்பார். பார்க்கவே வயிறு எரியும்.

நடைக் கணக்குக்கு இவ்வளவு கவலை வேண்டாம். துணை ஆப் தூங்கினாலும் வாட்ச் அதைத் தனக்குள் சேர்த்து வைத்து, ஆப்பைத் திறந்ததும் கொடுத்துவிடும். அறிவிப்புக்கு அந்த வசதி இல்லை.

வேர் ஓஎஸ் நிஜமாகவே ஜெயிக்கும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 15 முதல், ஒருமுறைக் கடவுச்சொல் மாதிரி ரகசிய எண் உள்ள அறிவிப்புகளை, நம்பகமானது என்று போன் ஏற்காத ஆப்கள் படிக்க முடியாது. துணை ஆப் முறைப்படி வாட்ச் ஆப்பாகப் பதிவாகவில்லை என்றால், எண்ணுக்குப் பதிலாக 'மறைக்கப்பட்டது' என்றுதான் கையில் வரும். பாதுகாப்புக்கு நல்லது, வசதிக்கு இடைஞ்சல். வங்கி எண்ணைக் கையிலேயே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் வாங்குமுன் இதைக் கடையில் சோதிக்கலாம். போனை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வைஃபை அல்லது சிம் உள்ள வேர் ஓஎஸ்தான் சரி, ப்ளூடூத் வாட்ச் அங்கே ஒன்றும் செய்யாது.

ஐபோன் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, தங்கையின் போனில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அங்கே அறிவிப்பை ப்ளூடூத் சாதனத்துக்குத் தள்ளுவது ஐஓஎஸ் தானே செய்யும் வேலை, துணை ஆப் விழித்திருக்க வேண்டியதில்லை. அதனால் மலிவு வாட்ச் ஐபோனோடு ஆண்ட்ராய்டைவிட அமைதியாக ஒத்துப்போகிறது. ஆனால் பதில் அனுப்ப முடியாது. ஆண்ட்ராய்டில் கார்மின் போன்றவை தயாராக எழுதி வைத்த சிறு பதில்களை அனுப்பவிடும், டாக்சியில் உட்கார்ந்தபடி அம்மாவுக்கு 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தட்டிவிடலாம்.

போன் ஆப்களைக் கொல்லும் வழக்கமுள்ளதா என்று வாட்ச் வாங்குமுன் பார்க்க ஒரு வழி: ராத்திரி போனைத் தொடாமல் வைத்துவிட்டு, விடிகாலையில் வேறொருவரை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், திரையைத் திறக்குமுன் சத்தம் வருகிறதா பாருங்கள். அடுத்து வங்கி ஆப், மின்வெட்டு ஆப் இரண்டுக்கும் பேட்டரி செட்டிங் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றையும் சரிசெய்த பிறகும் தாமதமாகவே வருகிறது என்றால் அந்தப் போன் துணை ஆப்பையும் தூங்க வைக்கும், மலிவு வாட்ச் வேண்டாம். போனுக்கே தாமதமாக வருவதை எந்த வாட்சும் சரிசெய்யாது, ஆனால் வந்ததாவது கைக்கு வர அந்தப் போனோடு வேர் ஓஎஸ் எடுங்கள், கூடவே வாட்சுக்கென்று சின்னதாக ஒரு பவர் பேங்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.