யன்னல் சுரண்ட கிறைண்டரோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்

கோண்டாவிலில் நாங்கள் இருக்கும் வீடு அப்பப்பா 1968இல் கட்டியது. விறாந்தைப் பக்கம் ஆறு இரும்பு யன்னல்கள். பச்சை பெயின்ற் பொருக்கு விட்டுக் கழரத் தொடங்கியதால், போன ஆடியில் ஒரு பெயின்ற் பாஸைப் பிடித்தேன். பழைய பூச்சு, ஈயம் இருக்கலாம், கீழே பொலித்தீன் விரித்து, தண்ணீர் தொட்டு வோட்டர் பேப்பரால்தான் (ஈரமாகத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்க வேண்டும் என்று முதலே சொன்னேன். "நாங்கள் செய்யாத வேலையே, அக்கா" என்றார். அதற்கென்று கூலியும் கூட்டிக் கேட்டார். பாதிக் காசைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். என் பிழை அதுதான்.

பின்னேரம் வந்தால் விறாந்தை முழுக்கச் செம்மஞ்சள் தூள். கம்பித் தூரிகை பூட்டிய கிறைண்டரால் காய்ந்தபடியே இரண்டு யன்னலை உரித்திருக்கிறார்கள். சோளகக் காற்று வேறு. தூள் கட்டில் வரை போய்விட்டது. மிச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டிக் கிணற்றடி வாழைக்குள் தள்ளியிருந்தார்கள். என் ஒன்பது மாத மகள் தவழ்வது அந்தத் தரையில்தான்.

அந்த நிறம்தான் வயிற்றைக் கலக்கியது. முன்பு இரும்பு துருப்பிடிக்காமலிருக்க முதல் பூச்சாக ஈயச்செந்தூரம் பூசுவார்கள், பளீரென்ற செம்மஞ்சள். இப்போதைய ரெட் ஒக்சைட் செங்கல் போல மங்கல். நிறத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகப்படப் போதும். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல். இவ்வளவு வரை பாதகமில்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேட்டதற்கு, "இருபது வருசமாய் இப்படித்தான், எங்களுக்கு என்ன நடந்தது?" என்றார். முகத்தில் ஒரு லேஞ்சி மட்டும். அவர் நெஞ்சுக்குள்ளும் அதுதானே போனது, பாவம். ஆனால் முற்பணம் திரும்பவில்லை. பிறைமர் என்ற முதல் பூச்சு இல்லாமல் அவர் பூசிய இரண்டும் ஐப்பசி மழைக்கே துரு காட்டின.

ஈரத்துணியாலும் சோப்புத் தண்ணீராலும் மூன்று தரம் துடைத்து, துணிகளை எறிந்தோம். வாழையடி மேல்மண்ணை அள்ளி உரப்பையில் கட்டினோம். பிள்ளைக்கு இரத்தம் சோதித்து, பயப்படும்படி இல்லை என்று சொன்ன அன்றுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டா.

மிச்ச நான்கையும் தையில் வேறொருவர் செய்தார். கழர்ந்ததை மட்டும் ஈரமாகச் சுரண்டி, இறுகியிருந்த பழைய பூச்சைத் தொடாமல், துடைத்துக் காயவிட்டு அன்றே பிறைமர் அடித்தார். ஊதுவிளக்கால் எரித்துக் கழற்றலாம் என்று ஒருவர் முன்பு சொன்னார். ஈயம் புகையாகி மூச்சுக்குள் போகும், விடாதீர்கள். நான் முதல் நாள் லீவு போட்டு, விறாந்தை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.